வீட்டில் வைத்துப் படிக்க வைத்தால் அரசு பணம் தருமா?

கேள்வி: எங்களுக்குச் சென்னிமலை பக்கம். வீட்டுக்காரர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு 8. இருவரும் தனியார் பள்ளியில் படித்தார்கள். பெண்ணுக்கு ஆட்டிசம் என்று போன வருடம் டாக்டர் சொன்னார். பள்ளியில் 'எங்களால் சமாளிக்க முடியாது' என்று கையை விரித்துவிட்டார்கள். பையனுக்கும் ஃபீஸ் கட்ட முடியாமல், 6ஆம் வகுப்பு முடிந்ததும் டிசி வாங்கிவிட்டோம். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். இரண்டு பேருக்கும் நானே வீட்டில் சொல்லிக் கொடுக்கிறேன். பையன் படிப்பான்; ஆனால் கோயில் மேளம் என்றால் அவனுக்கு உயிர். அரிசோனாவில் இருக்கும் என் கொழுந்தனார், 'இங்கே வீட்டில் படிக்க வைத்தால் கவர்ன்மென்ட் பணம் தருது, அங்கேயும் கேட்டுப் பாருங்க' என்கிறார். ஈரோட்டில் ஒரு ஏஜென்ட், ஓப்பன் ஸ்கூல் அட்மிஷனும் 'ஹோம் ஸ்கூலிங் கிரான்ட்'டும் சேர்த்து வாங்கித் தருவதாக 15,000 ரூபாய் கேட்கிறார். 2,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். அப்படி ஓர் உதவித்தொகை இருக்கிறதா? செலவுக் கணக்கை இன்னொரு தாளில் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம். (ஈரோடு மாவட்ட வாசகி)

பதில்: வணக்கங்க. முதலில் அந்த 13,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கல்வி என்ற பெயரில் மத்திய அரசிலும் சரி, தமிழக அரசிலும் சரி, எந்த உதவித்தொகையும் கிடையாது. இல்லாத ஒன்றை அவர் எங்கிருந்து வாங்கித் தருவார்?

உங்கள் கொழுந்தனார் பொய் சொல்லவில்லை. அரிசோனாவில் 2011இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஒரு திட்டத்தை 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரித்தார்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் மாநில அரசு தரும் தொகையில் பெரும்பகுதியைப் பெற்றோர் கையாளும் ஒரு கணக்கில் போட்டுவிடுகிறார்கள். பலருக்கு வருடம் 7,000 டாலர் அளவுக்கு வருகிறது. டெக்சாஸிலும் 2025இல் இப்படி ஒரு சட்டம் போட்டார்கள். அதில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு 2,000 டாலர் வரைதான். அங்கே பணம் பிள்ளையின் பின்னால் போகிறது. நம் ஊரில் பணம் பள்ளிக்குப் போகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் சேரும் பிள்ளைக்குக்கூட அரசு தரும் ஃபீஸ் பள்ளியின் கணக்கில்தான் விழுகிறது, பெற்றோர் கைக்கு வருவதில்லை. அதனால் அங்கே உள்ள விண்ணப்பத்தை இங்கே தேடிப் பயனில்லை.

அதற்காக உங்களுக்கு ஒன்றுமே வராது என்று அர்த்தமில்லை. நான் ஆடிட்டர், கணக்கு வழியாகத்தான் எனக்குப் பேசத் தெரியும். நம் நாட்டில் உதவி 'வீட்டில் படிக்கிறான்' என்பதற்காக வருவதில்லை. பிள்ளையின் உடல்நிலை, பெற்றோர் செய்யும் தொழில், எழுதும் பரீட்சை, இந்த மூன்றை ஒட்டித்தான் வருகிறது. உங்கள் வீட்டில் மூன்றுமே இருக்கின்றன. நீங்கள் விசாரித்தது நான்காவதை.

நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டுத் தாளில், பென்சிலில், பைசா சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். ஈரோட்டில் பெண்ணுக்குப் பேச்சுப் பயிற்சி, வாரம் இரண்டு முறை, தடவைக்கு 500, மாதம் 4,000. பஸ்ஸுக்கும் வழியில் டீ, பன்னுக்கும் 900. டேப்லெட் தவணை 1,100. பையனுக்கு இங்கிலீஷ் டியூஷன் 800. புத்தகம், நோட்டு 400. ஆக 7,200. இதில் படிப்புச் செலவு என்று பார்த்தால் 2,300தான். மீதி 4,900 பெண்ணின் பயிற்சிக்கு. அதனால் பெண்ணிலிருந்தே தொடங்குவோம்.

டாக்டர் வாயால் சொன்னதும், தனியார் மையத்தின் அறிக்கையும் எந்த ஆபீசிலும் செல்லாது. அரசு மருத்துவர் தரும் மாற்றுத்திறன் சான்றிதழும், அதை வைத்து வரும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். யுடிஐடி கார்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஈரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால், எந்த நாள் எந்த மருத்துவமனையில் பார்க்கிறார்கள் என்று சொல்வார்கள். இதை விட உங்களுக்கு எளிதான வழி ஒன்று உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தின் மூலம் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வருடா வருடம் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துகிறார்கள். டாக்டர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள், சான்றிதழ் வேலை அங்கேயே ஆரம்பித்துவிடும். அடுத்த முகாம் எப்போது என்று சென்னிமலை வட்டார வள மையத்தில் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே நின்று மூன்றைப் பாருங்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா? குறைபாட்டின் வகை என்ன என்று எழுதியிருக்கிறார்கள்? சதவீதம் எவ்வளவு? இனிஷியல் ஆதாரில் பெயருக்கு முன்னாலும் சான்றிதழில் பின்னாலும் இருந்தால், அதைச் சரிசெய்ய மறுபடி அலைய வேண்டியிருக்கும். சதவீதம்தான் எல்லாக் கதவுக்கும் சாவி. 40க்குக் கீழே போனால் பெரும்பாலான திட்டங்கள் கிடையாது.

அந்தச் சான்றிதழை வைத்து என்னென்ன கேட்கலாம்? தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை முதலாவது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரியில் 1,500இலிருந்து உயர்த்தினார்கள். உங்கள் மகளுக்கு இது வருமா என்பது சான்றிதழில் எழுதும் வகையையும் சதவீதத்தையும் பொறுத்தது. வந்தால் வருடத்துக்கு 24,000. அதற்குப் பள்ளியில் படிக்கிறாளா, வீட்டில் படிக்கிறாளா என்ற கேள்வியே இல்லை.

அடுத்தது நிராமயா காப்பீடு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே. பிரீமியம் சில நூறு ரூபாய். வருடத்துக்கு ஒரு லட்சம் வரை பாதுகாப்பு. சாதாரண மருத்துவக் காப்பீட்டில் இடமே இல்லாத தெரபிச் செலவுக்கு இதில் ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை இடம் உண்டு. பில்லும் டாக்டர் சீட்டும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. இப்போது போகும் மையத்தில் ரசீது தருகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தராவிட்டால் இன்றிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அந்த 4,000 ரூபாய். 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகப் பேச்சுப் பயிற்சியும் மற்ற பயிற்சிகளும் தருவதற்கு மாவட்ட அளவில் அரசின் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். குழந்தைகள் பிரிவில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் உண்டு. தனியார் மையத்தின் ஏசி அறையும் கலர் பொம்மைகளும் அங்கே இருக்காது. ஒரு பயிற்றுநரிடம் பிள்ளைகள் அதிகம், காத்திருக்கத்தான் வேண்டும். இருந்தாலும் வாரம் இரண்டில் ஒன்றை அங்கே மாற்றிக்கொண்டாலே மாதம் 2,000 மிச்சம். பயிற்சிக்கும் மருத்துவமனைக்கும் போக அரசு பஸ்ஸில் சலுகை அட்டை வாங்கலாம். பெண்ணுடன் துணைக்குப் போவது நீங்களானாலும் சரி, அமுச்சி (அம்மா வழிப் பாட்டி) ஆனாலும் சரி, துணையாளுக்கும் சேர்த்தே எழுதிக் கேளுங்கள்.

பெண்ணை முழுக்க வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். தனியார் பள்ளி கையை விரித்ததால் எல்லாப் பள்ளியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் பெயரைப் பதியுங்கள். மாற்றுத்திறனைக் காரணம் காட்டி அவர்கள் மறுக்க முடியாது. 6 முதல் 14 வயதுள்ள பிள்ளை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பாதிப்பு கடுமையாக இருந்தால், வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை 2012இல் செய்த திருத்தம் தந்திருக்கிறது. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். நம் நாட்டில் அரசு செலவில் நடக்கும் வீட்டுக்கல்வி என்றால் இது ஒன்றுதான். கடுமையில்லை என்றால் சில நாள் பள்ளி, சில நாள் வள மையம், மற்ற நேரம் உங்களிடம் என்று தலைமை ஆசிரியரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான வருடாந்திர உதவித்தொகையும் இலவசப் புத்தகமும் மதிய உணவும் பெயர் பதிவேட்டில் இருந்தால்தான்.

நான் இதை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் நம் கோயம்புத்தூரில்தான் தொடங்கி வைத்தார்கள். நான்கு வருடப் படிப்பென்றால் 48,000. அதை விடப் பெரியது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று விரிந்தது. அதில் இடம் கிடைத்த பிள்ளைக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பெருந்துறையிலிருந்து கோவை வரை பஸ்ஸில் போகும்போது ரோட்டோரம் எத்தனை இன்ஜினியரிங் காலேஜ் என்று எண்ணிக்கொண்டே போகலாம். அவற்றில் ஒன்றில் நான்கு வருடம் படிக்க என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் குடும்பம் சத்தமில்லாமல் விட்டுக்கொடுப்பது இதைத்தான். கிரான்ட் தேடி அலைபவர்கள் ஒருவரும் இந்தப் பக்கத்தைக் கணக்கில் எழுதுவதில்லை. உங்கள் மகளுக்கு 8 வயதுதான். 6ஆம் வகுப்பு வயது வரும் வரை இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

பையனுக்கு நிலைமை வேறு. 6ஆம் வகுப்பைத் தனியார் பள்ளியில் படித்துவிட்டதால் இந்தச் சலுகைகள் அவனுக்கு ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டன. அதனால் வீட்டில் படிப்பதால் அவன் பெரிதாக இழப்பது ஒன்றுமில்லை. இலவசப் படிப்பும் சாப்பாடும் வேண்டுமென்றால் அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்பில் சேர்க்கலாம், அது எப்போதும் இருக்கிறது. கணிதம் படித்த அம்மா வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறார் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. பயப்பட வேண்டாம், டிசியையும் அவன் எழுதும் நோட்டுகளையும் காட்டுங்கள். ஆனால் பகல் பதினோரு மணிக்குப் பையன் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், வீட்டில் படிக்கிறான் என்று யாரும் நம்பமாட்டார்கள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட அப்பா கூப்பிடுவார், எனக்குத் தெரியும். பதினான்கு வயது வரை அது வேண்டாம்.

அவன் எழுத வேண்டிய பரீட்சைக்கு இரண்டு பாதை. ஒன்று, தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது முடிந்தால் 8ஆம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பதினான்கரை முடிந்தால் 10ஆம் வகுப்பு. கட்டணம் சில நூறு ரூபாய். உங்கள் கல்வி மாவட்டத்துச் சேவை மையத்தில் நேரே போய் விண்ணப்பிப்பது. இதற்கு ஏஜென்ட் எதற்கு? 10ஆம் வகுப்பு எழுதும் முன் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டு ஒரு வருடம் போனவர்கள் உண்டு. பயிற்சி வகுப்புக்கு வருகைப் பதிவும் பார்ப்பார்கள்.

இன்னொன்று, ஏஜென்ட் சொன்ன ஓப்பன் ஸ்கூல். என்ஐஓஎஸ் எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மத்திய அரசுடையது, உண்மையானது. 1989இல் இருந்து நடக்கிறது. 14 வயது முடிந்தால் 10ஆம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், ஐந்து வருடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கலாம். எல்லாம் ஆன்லைனில்தான், இ-சேவை மையத்தில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் பதிந்துவிடலாம். பெண்களுக்குக் கட்டணம் குறைவு. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களுக்கு இன்னும் குறைவு. பாடப் புத்தகமும் அந்தக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். உங்கள் பையனுக்கு இப்போது 12 வயது, 10ஆம் வகுப்புக்கு இன்னும் பதியவே முடியாது. அதற்கே ஏஜென்ட் 15,000 கேட்டிருக்கிறார்!

தமிழ் வழியில் படித்து, பாலிடெக்னிக்கோ நம் பக்கத்துக் கலைக் கல்லூரியோ போகப் போகிறவனுக்கு மாநிலத் தனித்தேர்வே போதும் என்பது என் கருத்து. எந்த ஆபீசிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஓப்பன் ஸ்கூல், உங்கள் பெண்ணுக்குப் பிற்பாடு பொருந்தலாம். நிதானமாக எழுதலாம், பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் எழுத உதவியாளும் தருகிறார்கள்.

மேளம் என்றால் உயிர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் எனக்குச் சந்தோஷம். ஈரோட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, கரூரிலும் உண்டு. 12 வயதிலிருந்து சேர்க்கிறார்கள். குரலிசை, வயலின் மாதிரிப் பிரிவுகளுக்கு 7ஆம் வகுப்பு தேர்ச்சி கேட்பார்கள். நாதசுரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மூன்று வருடப் படிப்பு, கட்டணம் மிகக் குறைவு, மாணவர்களுக்கு மாதம் சிறு ஊக்கத்தொகையும் உண்டு. பகல் நேர வகுப்பு என்பதால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது கைகூடுவதில்லை. உங்கள் பையனுக்குக் கைகூடும். நம் பக்கம் தேர், கும்பாபிஷேகம், கல்யாணம் என்று தவில் வாசிப்பவருக்கு முகூர்த்த நாளில் ஓய்வே கிடையாது; சென்னிமலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஒரு கையில் தவில், மறுகையில் 10ஆம் வகுப்புச் சான்றிதழ் என்று வைத்துக்கொண்டால் நல்ல ஏற்பாடு.

புத்தகச் செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1 முதல் 12 வரை அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம், டேப்லெட்டில் இறக்கிக்கொள்ளலாம். கல்வித் தொலைக்காட்சிக்கும் காசு இல்லை. நூலகத்தில் பிள்ளைகள் பெயரில் உறுப்பினர் அட்டை போடுங்கள். அந்த டேப்லெட் தவணை முடிந்ததும் இன்னொன்று வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதியவில்லை என்றால் அதுதான் பெரிய விடுதல். 18 முதல் 60 வயது வரை பதியலாம், கட்டணம் இல்லை. உறுப்பினரின் பிள்ளை 10ஆம் வகுப்பு தேறினால், மேற்கொண்டு படித்தால், அந்தந்தக் கட்டத்தில் கல்வி உதவி தருகிறார்கள். ஆரம்பத்தில் ஆயிரம் இரண்டாயிரம்தான். ஆனால் உறுப்பினர் அட்டை இருந்தால் கண்ணாடிக்கும் விபத்துக்கும் சேர்த்து உதவி வரும். தறிக்காரருக்கு இரண்டுமே தேவைதானே. இதே மாதிரி தையல், கட்டுமானம், ஆட்டோ ஓட்டுநர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் வாரியம் உண்டு. இதைப் படிக்கும் மற்றவர்களும் ஈரோடு, திருப்பூர், நாமக்கல் எங்கிருந்தாலும் அவரவர் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். நன்செய் இரண்டரை ஏக்கருக்குள், புன்செய் ஐந்து ஏக்கருக்குள் வைத்துச் சொந்தமாகப் பாடுபடுபவர்கள் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால், பிள்ளைகள் ஐடிஐ, கல்லூரி போகும்போது அதிலும் கல்வி உதவி இருக்கிறது.

அறக்கட்டளைகளைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் கூட்டத்துக்கு (குலப் பிரிவுக்கு) ஒரு குலதெய்வக் கோயில், பல கோயில்களுக்கு ஒரு கல்வி நிதி. மில் நடத்துபவர்களும் அரிமா, ரோட்டரி சங்கங்களும் தருகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்கும் முதல் காகிதம் பிள்ளை இங்கே படிக்கிறான் என்று பள்ளியோ கல்லூரியோ தரும் 'போனஃபைடு' சான்றிதழ். 7ஆம் வகுப்பு வீட்டில் படிக்கிறான் என்று போய் நின்றால் பாவமாகப் பார்த்து ஒரு நோட்டுக் கட்டு தருவார்கள். 10ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். அதுவரை பொறுங்கள். அதற்குள் கைமாற்று வாங்குவதோ நகையை அடகு வைப்பதோ வேண்டாம்.

வருமான வரிச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. சம்பளக்காரர்கள் சிலர் இதே கேள்வியைக் கேட்பதால் சுருக்கமாக. பள்ளிக்குக் கட்டும் டியூஷன் ஃபீஸுக்குத்தான் கழிவு, வீட்டில் படிக்க வாங்கும் புத்தகத்துக்கோ ஆன்லைன் வகுப்புக்கோ இல்லை. மாற்றுத்திறன் பிள்ளையைப் பராமரிப்பவருக்கு, 80டிடி என்று நமக்குப் பழகிய பிரிவில் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000மும் கழிக்கலாம். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இனி வரிசை. முதலில் பெண்ணின் சான்றிதழ், அடுத்து அரசுப் பள்ளியில் பதிவு, பிறகு வீட்டுக்காரரின் வாரிய அட்டை, அதன் பின் பையனின் இசைப்பள்ளியும் 8ஆம் வகுப்புத் தனித்தேர்வும். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், வருமானச் சான்று, நான்கு போட்டோ, எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து ஒரே பையில் போட்டு வையுங்கள். எந்த ஆபீசிலாவது இழுத்தடித்தால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்டிடம் கொடுத்த 2,000 ரூபாய்க்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? போன் வழியாக அனுப்பியிருந்தால் அதுவே போதும். 'நீங்கள் சொன்ன கிரான்ட்டின் அரசாணை எண்ணை எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். நேரில் போக வேண்டாம், பேசி மயக்கி இன்னும் 2,000 வாங்கிவிடுவார்.